தனக்குத் தானே சுற்றிய ஆரத்தி

"நகரு, ஆனரபிள் கழுதையே, நகரு!"

அரண்மனைப் பின்வாசலில் செங்கல் சுமக்கும் கழுதையை ஒருத்தி அதட்டியது அம்பலத்தாடியின் காதில் விழுந்தது. நெடுங்காட்டூர் சபையிலேயே வாய்ச் சாமர்த்தியம் மிகுந்தவர் அவர். சிரிப்பு வெளியே வராமல் மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

வினை வந்து பத்து நாள் ஆகிறது. கவர்னர் துரை அனுப்பிய கடிதத்தில், ராஜா விசயரங்கரின் பெயருக்கு முன்னால் 'ஆனரபிள்' என்று எழுதியிருந்தது. பெருமதிப்புக்குரியவர் என்று பொருள் சொன்னார்கள். அவ்வளவுதான், ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, "நான் ஆனரபிள் விசயரங்கன்" என்பார். சாப்பாட்டில் உட்கார்ந்தால், "ஆனரபிள் விசயரங்கனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம்!" அந்தச் சொல் அரண்மனை முழுவதும் தொற்றி, கழுதை வரைக்கும் போய்விட்டது.

சபையில் கடிதம் எழுதும் ராயசம் பொன்னுரங்கம், எழுதிய கடிதத்தோடு ராஜாவின் முன் நின்றார்.

"கவர்னருக்குப் பதில் எழுதச் சொன்னேனே, என் பெயருக்கு முன்னால் ஆனரபிள் எங்கே?"

"மகாராஜா, அது அடுத்தவர் நமக்குப் போடுவது. நாமே போட்டுக்கொள்ளும் வழக்கமில்லை. அங்கே சிரிப்பார்கள்..."

"எனக்கே பாடமா? பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போ! இவனுக்காக யாராவது ஒரு வார்த்தை பேசினால், அவரும் கூடவே கிளம்பலாம்!"

ராஜாவே அந்தச் சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதித் தபால்காரனிடம் நீட்டப் போனார். பொன்னுரங்கம் கெஞ்சும் கண்களோடு அம்பலத்தாடியைப் பார்த்தார். அவரோ, "ஒரு நொடி, மகாராஜா!" என்று வெளியே ஓடிவிட்டார்.

சற்று நேரத்தில் வாசலில் நாகசுரம் கேட்டது. வாசித்தவர் அம்பலத்தாடிதான், வெறும் வாயால். "பீ...பீப்பீ..." என்றபடியே உள்ளே வந்தார். பன்னீரைத் தன் தலையிலேயே தெளித்துக்கொண்டார். சந்தனத்தைத் தன் மார்பிலேயே பூசினார். கொண்டுவந்த மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். கடைசியில் கற்பூரம் ஏற்றி, ஆரத்தித் தட்டைத் தன் முகத்துக்கே சுற்றினார். தட்டு பிடரிப் பக்கம் எட்டவில்லை. அதனால் தானே பம்பரமாகச் சுழன்றார். தட்டிலிருந்த ஆரத்திச் செந்நீர் வேட்டியெல்லாம் கொட்டியது. மீசை நுனி பொசுங்கியது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது.

"அட கோமாளி! எவனாவது தனக்குத்தானே ஆரத்தி எடுப்பானா? பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?"

"நன்றாகச் சிரிப்பான், மகாராஜா. ஆனால் என் ஆரத்தி இந்தச் சபையோடு போயிற்று. தபாலில் கவர்னர் வரைக்கும் போகவில்லையே!"

ராஜாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். மறுபடி சிரித்தார், முன்னைவிடப் பலமாக.

பிறகு கடிதத்திலிருந்த அந்தச் சொல்லைத் தானே கோடு போட்டு அடித்தார். இறங்கி வந்து, அம்பலத்தாடியின் கழுத்து மாலையைக் கழற்றி, பொன்னுரங்கத்தின் கழுத்தில் தன் கையாலேயே போட்டார்.