சடையன் நடந்த நாள்

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அங்கே சிலை எதுவும் கிடையாது. சுவரோரம் ஒரு பெரிய மரப்பெட்டி, அதற்குள் வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஓலைக்கட்டு. எந்த வருடமானாலும் சரி, அந்தத் தேதியில் நடந்தது அந்தக் கட்டில் ஏறும். காலைக் கஞ்சிக்கு முன்னால் அன்றைய கட்டை ஒருவர் எடுத்து வாசிப்பார். வந்தவர்கள் கேட்பார்கள், பிறகு சாப்பிடுவார்கள். அவ்வளவுதான் அந்த மடத்தின் பூஜை.

அப்போது குருவாக இருந்தவள் செங்கமலம். நாற்பது வயது. எல்லாரும் அம்மை என்பார்கள். அவளுடைய சீடர் கொழுந்துக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் அரண்மனையில் ஓலை எழுதியவர். தான் சேவித்த ராஜா இறந்ததும் வேறொருவருக்குக் கைகட்டி நிற்க மனமில்லாமல் மடத்துக்கு வந்து சேர்ந்தார். அம்மை அவரைக் கொழுந்தையா என்று கூப்பிடுவாள். அவருக்கு அது பிடித்திருந்தது.

கட்டுகளில் பூச்சி விழுந்திருந்தது. எல்லாவற்றையும் புதிதாகப் படியெடுக்கும் வேலையைக் கொழுந்து தானாகவே ஏற்றுக்கொண்டார். இரண்டு மாதம் எழுதிய பிறகு ஒருநாள் அம்மையிடம் வந்தார்.

"இதில் பாதி குப்பை, அம்மை."

"எது?"

"செம்பாறைக் கோட்டை விழுந்த நாள் என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே யாரோ ஒருத்தி வீட்டுப் பசு ரெட்டைக் கன்று போட்டதென்று இன்னொரு வரி. இரண்டுக்கும் ஒரே எழுத்தாணியா?"

"உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?"

"நாட்டுக்கு நடந்தது இருக்கட்டும். வீட்டுக்கு நடந்தது வேண்டாம்."

அம்மை "சரி" என்றாள்.

இரண்டு வருடத்தில் வேலை முடிந்தது. பழைய ஓலைகளை வழக்கப்படி ஆடிப் பதினெட்டன்று ஆற்றில் விட்டார்கள்.

அந்த வருடம் தை பதினேழுக்காகக் கொழுந்து காத்திருந்தார். அவருடைய ராஜா பிறந்த நாள் அது. அன்றைய கட்டில் அந்த வரியை முதலாவதாக வைத்து, பட்டப்பெயர்கள் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். அதே நாளில்தான் ஓர் இலக்கணப் புலவர் பிறந்திருந்தார். அதே நாளில் ஒரு பூகம்பம், ஒரு குடமுழுக்கு, ஒரு படையெடுப்பு. கனமான நாள். கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருக்க, அரண்மனைக் குரலில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். எங்கும் தடுமாறவில்லை. கட்டை மூடியபோது அவருக்கே கண் கலங்கியது.

எல்லாரும் எழுந்து கஞ்சிக்குப் போனார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். கால் முழுக்கப் புழுதி.

"சாப்பிடப் போகலையா, அம்மா?" என்று கேட்டார் கொழுந்து.

"மிச்சத்தையும் வாசிங்க. கேட்டுட்டுப் போறேன்."

"முடிந்துவிட்டதே."

"எங்க பையன் வரலையே, ஐயா."

கொழுந்துக்கு முதலில் புரியவில்லை. அவள் பெயர் உலகாயி, கடற்கரை உப்பளத்துக்காரி. தலைச்சுமையாக உப்பு கொண்டுவந்து மலையோர ஊர்களில் விற்பவள். இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால், இதே தேதியில், நடக்காத பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இங்கே வந்திருந்தாள். பிள்ளைக்கு ஐந்து வயது. அன்றைக்குத்தான் அவன் நடந்தான்.

"அப்போ இங்க குருவா இருந்த பெரியவர் அதை ஓலையில எழுதினார். வருசா வருசம் வந்து கேப்பேன். 'உப்புக்காரி உலகாயி மகன் சடையன் மடத்து முற்றத்தில் நடந்தான்.' அவ்வளவுதான் இருக்கும். போன வருசம்கூட வாசிச்சாங்களே."

போன வருடம் வாசித்தது பழைய ஓலை. கொழுந்து தரையைப் பார்த்தார்.

"பையன் இப்போது எங்கே?"

"நடந்தான், ஓடினான், பதினெட்டு வயசுல தோணி ஏறினான். பத்து வருசமாச்சு. ஒரு சேதியும் இல்ல."

கொழுந்து எழுத்தாணியை எடுத்தார். "இப்போதே எழுதிவிடுகிறேன். நீங்கள் சொன்னபடியே."

உலகாயி அவர் கையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். கோபம் இல்லை. ஒரு பிள்ளைக்குச் சொல்லுவதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"நான் சொல்லி நீங்க எழுதினா அது என் பேச்சு, ஐயா. நான் அன்னைக்குப் பாக்கல. புள்ளையை வெளியே தூணோரம் சாத்தி வச்சுட்டு உள்ள வாசிப்பு கேக்கப் போயிட்டேன். வந்து பாத்தா நடுமுத்தத்துல விழுந்து கிடந்து சிரிக்கான். நடந்ததைப் பாத்தது பெரியவர் மட்டுந்தான். பாத்தவர் எழுதினதால அது நெசம்."

பெரியவர் இறந்து பதினான்கு வருடமாகிறது.

உலகாயி கஞ்சி குடித்தாள். சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கொழுந்து அம்மையிடம் போனார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும் கேட்டார்: "எது எழுதத் தக்கது, எது தகாதது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது, அம்மை?"

அம்மை கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

"அன்றைக்கு முற்றத்தில் வேறு யாரும் இல்லையா?"

"தெரியவில்லை."

"கேட்டுப் பாருங்களேன்."

அவர் கேட்டதற்கு அது பதிலில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் கிளம்பினார்.

மடத்தைச் சுற்றி ஏழு ஊர். கொழுந்து வாசல் வாசலாகப் போய் நின்றார். அரண்மனையில் அவர் யாரையும் தேடிப் போனதில்லை. எல்லாரும் அவரைத் தேடி வந்தார்கள். இப்போது நாய் குரைக்கும், யாராவது எட்டிப் பார்ப்பார்கள், அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார்: "இருபத்துமூன்று வருடத்துக்கு முன்னால், தை பதினேழு. மடத்துக்கு வந்திருந்தீர்களா?"

ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் யாரும் அவரைச் சும்மா அனுப்பவுமில்லை.

"தை பதினேழா? அன்னைக்குத்தான் எங்க கெணத்துல தண்ணி வந்தது. நாலு வருசம் தோண்டினோம். நீங்க கேக்கிற வருசமில்ல, அதுக்கு முந்தி" என்றார் ஒருவர். கிணற்றங்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டினார்.

இன்னொரு ஊரில் ஒரு பெண் அவரை உட்கார வைத்து மோர் கொடுத்தாள். "எம் மக பொறந்த நாளு. கட்டிக்குடுத்த எடத்துல யாருக்கும் அது தெரியாது. இங்க நான் மட்டும் ஒரு வாய்ப் பாயசம் வச்சுக் குடிச்சுக்கிடுவேன்."

"எங்கள் ராஜா பிறந்ததும் அன்றைக்குத்தான்" என்றார் கொழுந்து.

"எந்த ராஜா?"

அவர் பெயரைச் சொன்னார். அவள் யோசித்துப் பார்த்தாள். அந்த ராஜா அந்த ஊரையும் சேர்த்துத்தான் முப்பது வருடம் ஆண்டார். "நல்லவரா?" என்று கேட்டாள்.

"நல்லவர்தான். கோழித்தூக்கம்தான் தூங்குவார். சாப்பாட்டில் புளிப்பு கூடக் கேட்பார்."

அதைச் சொன்ன பிறகுதான் கொழுந்துக்கு ஒன்று உறைத்தது. பன்னிரண்டு பட்டப்பெயர் எழுதியிருந்தார். இதை எங்கும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, கிணற்றையும் பாயசத்தையும் ஓலையில் குறித்துக்கொண்டார். ஏன் குறிக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

நாலாம் நாள் ஒரு சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசம் அடித்தது. அந்த வாசம்தான் அவருக்கு வழி காட்டியது. மழைக்கு முன்னால் ஒருமுறை, தை அறுவடை முடிந்து ஒருமுறை என்று மடத்துச் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். தை பதினேழுக்கு வெளி முற்றத்தில் பூச்சு வேலை நடந்திருக்க வேண்டும். பூசியது யார் என்று விசாரித்தார். பூசியவர் இறந்துவிட்டார். மகன் பலவேசம் ஆற்றுக்கு அக்கரையில் சுண்ணாம்புச் சூளை வைத்திருந்தான்.

பலவேசத்துக்கு முப்பது வயது. புருவமெல்லாம் வெள்ளைத்தூள். கொழுந்து கேட்டதும் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"நடக்காத பையன்தானே? தூணோரம் ஒக்காந்திருந்தானே?"

"பார்த்தாயா?"

"நான்தான் சாமி நடக்க வச்சேன்."

கொழுந்து அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார். "சொல். எழுதிக்கொள்கிறேன்."

பலவேசம் கையைத் துடைத்துக்கொண்டான். "நீங்க எழுதிக் கொண்டுபோய்க் குடுத்தா நல்லாருக்காது. நானே வந்து அந்தம்மாகிட்ட சொல்லுதேன். சூளை ஒரு வாரம் கெடக்கட்டும்."

இரண்டு பேரும் கடற்கரைக்கு நடந்தார்கள். மூன்று நாள் வழி. கொழுந்துக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பலவேசம் எருக்கிலையை அனலில் வாட்டிக் கட்டிவிட்டான்.

உலகாயி உப்பளத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் வரப்பில் ஏறி வந்தாள். பலவேசம் அவள் முன்னால் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"எனக்கு அப்போ ஏழு வயசு. எங்கப்பா சொவருக்குப் பூசிட்டிருந்தாரு. என் கையில ஒரு வெல்லக்கட்டி இருந்தது. ஒங்க மவன் அதையே பாத்தான். குடுக்கலாம்னு நான் காட்டல, ஆத்தா. வெறுப்பேத்தத்தான் காட்டினேன்."

"ம்" என்றாள் உலகாயி.

"தூணைப் பிடிச்சு எந்திரிச்சான். நான் பின்னாடி ஒரு அடி வச்சேன். அவன் தூணை விட்டுட்டு ஒரு அடி வச்சான். நான் பின்னாடி போக, அவன் வந்துக்கிட்டே இருந்தான். ஒம்போது அடி. எனக்கே பயமாப் போச்சு. வெல்லத்தைக் குடுத்துட்டேன். வாங்கின கையோட விழுந்துட்டான். பெரியவர் வாசப்படியில நின்னு பாத்துட்டிருந்தாரு. என்னை ஒண்ணும் சொல்லல. தலையில கை வச்சிட்டுப் போனாரு."

உலகாயி உப்பு அப்பிய கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"வெல்லத்தைத் தின்னானா?"

"பாதி கடிச்சிட்டு, மீதியை என்கிட்ட நீட்டினான்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "அவன் அப்படித்தான்" என்றாள். "எதைக் குடுத்தாலும் பாதிதான் திம்பான். அவன் அப்படித்தான்."

இருபத்துமூன்று வருடமாக அவளிடம் ஒரே ஒரு வரி இருந்தது. பலவேசத்தை அவள் விடவில்லை. எந்தப் பக்கத்துத் தூண், எந்தக் காலை முதலில் வைத்தான், விழுந்தபோது அடிபட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் தெரிந்ததைச் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான். கொழுந்து பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினார். காற்றில் வந்த உப்பு எழுத்தாணியில் பிசுபிசுத்தது.

கிளம்பும்போது உலகாயி ஓலையைத் தொட்டுப் பார்த்தாள். "அடுத்த தைக்கு வாறேன்" என்றாள்.

கொழுந்து மடத்துக்குத் திரும்பியபோது மாசி பிறந்துவிட்டது. அம்மை வெந்நீர் போட்டுக் கொடுத்து, அவர் கால் கழுவி முடிக்கும்வரை காத்திருந்தாள். இரண்டு நாளில் அவர் தை பதினேழின் கட்டைத் திருத்தி எழுதி முடித்ததும், கேட்டு வாங்கிப் படித்தாள். கிணறு இருந்தது. பாயசம் இருந்தது. சடையன் ஒன்பது அடி நடந்திருந்தான்.

"உங்கள் ராஜா எங்கே?"

"இருக்கிறார். பட்டப்பெயரில் ஒன்பதை எடுத்துவிட்டேன். புளிப்பு பிடிக்கும் என்று சேர்த்திருக்கிறேன்."

அம்மை அந்த வரியை இன்னொரு தரம் படித்துச் சிரித்தாள்.

கொழுந்து சிரிக்கவில்லை. "முந்நூறு வரிக்கு மேல் வெட்டியிருக்கிறேன், அம்மை. ஓலையெல்லாம் ஆற்றோடு போய்விட்டது. எனக்கு நினைவிருப்பது சில ஊர்ப்பெயர்கள்தான். நீங்கள் அன்றைக்கே தடுத்திருக்கலாம்."

"நீங்கள் புதுக்கட்டை வாசித்தபோது நானும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். எனக்கும் ஒன்றும் குறைவதாகத் தெரியவில்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அம்மை உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு கட்டுச்சோற்று மூட்டை இருந்தது. சமையற்கட்டு மாடத்தியைக் கூப்பிட்டு, தாங்கள் வரும்வரை காலையில் அவள்தான் வாசிக்க வேண்டும் என்றாள். தனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்றாள் மாடத்தி. கூட்டியே படி, கஞ்சி கொஞ்சம் ஆறினால் பரவாயில்லை என்றாள் அம்மை.

கொழுந்து மூட்டைகளைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"உலகாயியாவது வந்து கேட்டாள். மற்ற வரிகளைக் கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லையே, அம்மை."

அம்மை ஒரு மூட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

"வரவில்லை, கொழுந்தையா. அதனால்தான் நாம் போகிறோம்."