கைப்பிடி இல்லாத கார்

சூலூருக்குப் போகிற வழியில், தென்னந்தோப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. பழைய கார்களை அறுத்து ஒட்டி, ஆளே அடையாளம் தெரியாத வேறு கார்களாக்குகிற பூங்கோதை அங்கேதான் இருந்தாள். அவளிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தவர் நாச்சிமுத்து. இந்தக் கதையில் குருவுக்கு முப்பது வயதுச் சொச்சம். சீடருக்குத்தான் தலை முழுக்க நரை.

நாச்சிமுத்து பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் அவருடைய இருமலைத் தவிர வேறு சத்தம் கிடையாது. ஓசூரில் இருக்கிற மகள் சுடர்மதி வந்து, "எங்கூட வந்துடுங்கப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

"எனக்கு யாரும் வேண்டாம். நீ உன் சோலியைப் பாரு" என்று அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் போன் செய்தால், மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். எடுக்க மாட்டார். ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

கொட்டகைக்கு அவர் கொண்டு வந்தது தன் பழைய அம்பாசிடரை. கூரையை அறுத்து ஒரு சாண் தாழ்த்தியாகிவிட்டது. அன்றைக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மாஸ்டர், இந்தத் தொழில்ல எல்லாமே எடுக்கிற வேலையாத்தான் இருக்குது. எதை எடுக்கக் கூடாது?"

பூங்கோதை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அமெரிக்காவுல காய்ஞ்சுபோன ஏரியில கார் ஓட்டுற பசங்க இருந்தாங்கண்ணா. ரொம்பக் காலத்துக்கு முந்தி. கையில காசு கிடையாது. யாரோ கழிச்சுப் போட்ட ஃபோர்டை வாங்கி, மட்கார்டைக் கழட்டினாங்க. பம்பரைக் கழட்டினாங்க. பானட்டையும் கழட்டி வீசினாங்க. எடை குறையக் குறைய வேகம். அதுதான் ஹாட் ராட்."

"சரிங்க."

"இன்னொரு கூட்டம், வேகத்தை யாரு கேட்டான்னுட்டாங்க. கூரையைத் தாழ்த்தி, பாடியைத் தரையோட இறக்கி, கம்பெனிப் பேரு, கைப்பிடி, ஒட்டுன தடம் எல்லாத்தையும் எடுத்துட்டு, ஈயத்தைக் காய்ச்சி மூடி இழைச்சாங்க. தெருவுல மெதுவா வழுக்கிட்டுப் போகும். அது கஸ்டம்."

"ரெண்டு பேருமே எடுத்தவங்கதானுங்களே."

"ஆமா. ஒருத்தன் முன்னாடி போய்ச் சேர்றதுக்கு எடுத்தான். ஒருத்தன் நாலு பேரு நின்னு பார்க்கிறதுக்கு எடுத்தான். நீங்க எதுக்குங்கண்ணா எடுக்கறீங்க?"

நாச்சிமுத்து உப்புத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதை எடுக்கக் கூடாதுன்னுல்ல நான் கேட்டேன்."

"வெளிய இருந்து திறக்கிற வழியை."

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. கைப்பிடி எடுத்த கதவு, மறைவான ஒரு பித்தானை அமுக்கினால் கரண்டில் திறக்கும். கரண்டு போனால் என்ன செய்வது? அதற்காக வண்டிக்கு அடியில், சக்கரத்துக்குப் பின்னால், தாழ்ப்பாளோடு கட்டிய ஒரு கம்பியை ஒளித்து வைப்பார்கள். இழுத்தால் கதவு திறக்கும். அதோடு முடியவில்லை. வண்டி கொட்டகையை விட்டுப் போகுமுன், அதன் சொந்தக்காரர் தன் மனிதர் ஒருவரைக் கூட்டி வந்து அந்தக் கம்பியைக் காட்டியாக வேண்டும்.

"நானேதான் ஓட்டப்போறேன். இன்னொருத்தர் எதுக்குங்க?"

"நீங்க உள்ள இருந்தா, கம்பியை யாரு இழுப்பா?"

நாச்சிமுத்து தலையை ஆட்டிவைத்தார். வேலை நடந்தது. வெளிக் கைப்பிடிகளை எடுத்தார். பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று உள் கைப்பிடிகளையும் எடுத்தார். கூரை தாழ்ந்ததில் கண்ணாடிகள் ஏறி இறங்க இடமில்லை. வெட்டி, அசையாமல் பதித்துவிட்டார். ஓட்டைகளை ஈயத்தால் அடைத்து, விரலுக்கு மேடு பள்ளம் தட்டாத வரைக்கும் இழைத்தார்.

கம்பி மட்டும் வைக்கவில்லை. காட்ட ஆளில்லாதவனுக்குக் கம்பி எதற்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

பெயின்டர் அக்பர் பாய் வந்து கதவைத் தடவிப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, இது காரா, குளிக்கிற சோப்பா? பிடிச்சா வழுக்குது!"

நாச்சிமுத்துவுக்குப் பெருமையாக இருந்தது. மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளிச்சத்தம் ஒன்றும் வரவில்லை. வீட்டு அமைதியைப் போலவேதான் இருந்தது, ஆனால் இது அவரே செய்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

பட்டறை மேசை மேல் வைத்திருந்த போன் எங்கேயோ தூரத்தில் போல அடித்தது. கண்ணாடி வழியே அதன் வெளிச்சம் தெரிந்தது. உள்ளேயிருந்த பித்தானை அமுக்கினார். எடுக்கத்தான் போனாரா, வழக்கம்போலப் பார்க்கத்தான் போனாரா, அவருக்கே தெரியாது.

டப்பென்று ஒரு சத்தம். வயர் கருகிய நாற்றம். கதவு திறக்கவில்லை. மறுபடி அமுக்கினார். போன் அடித்து ஓய்ந்தது.

தகரக் கூரையிலிருந்து வெக்கை இறங்கிக்கொண்டிருந்தது. கதவில் பிடித்துத் தள்ள ஒன்றுமில்லை. எங்கே கை வைத்தாலும் வழுக்கியது. கண்ணாடியில் அறைந்தார். கத்தினார். என்ன கத்தினோம் என்று பிறகு அவருக்கு நினைவில்லை.

பூங்கோதை சோற்றுக் கையோடு ஓடி வந்தாள். குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் துழாவினாள். எழுந்து கண்ணாடி வழியே அவரைப் பார்த்தாள்.

"கம்பி எங்கண்ணா?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

அக்பர் பாய் சுத்தியலை எடுத்தார். "கண்ணாடியை உடைச்சுடலாம், மாஸ்டர்."

"அந்தச் சந்துல ஆளு வர முடியாது பாய். கையை விட்டாலும் உள்ளயும் பிடி இல்லை. டிரில்லை எடுங்க."

கதவில் டிரில்லை வைத்தபோது நாச்சிமுத்து உள்ளேயிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவ்வளவு நாள் இழைத்த கதவு. பூங்கோதை காத்திருந்தாள். வேர்வை கண்ணில் இறங்கியது. அவருக்கு மூச்சு வாங்கியது. ஆட்டின கை மெல்லக் கீழே இறங்கியது.

டிரில் உள்ளே போனது. வளைத்த கம்பி ஒன்றை ஓட்டைக்குள் விட்டு, தாழ்ப்பாளைத் தேடிப் பிடித்து இழுத்தாள். கதவு திறந்தது.

தென்னை நிழலில் உட்கார்ந்து நாச்சிமுத்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். பிறகு அவராகவே எழுந்து போய், வண்டிக்கு அடியில் படுத்துக் கம்பியைக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். திறந்தது. சாத்தினார். இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

பொழுது சாயும்போது பூங்கோதைக்கு எதிரே வந்து நின்றார்.

"கம்பி வெச்சுட்டேனுங்க மாஸ்டர். வாங்க, இடத்தைக் காட்டறேன்."

"நான் பட்டறைக்காரிங்கண்ணா. எனக்குக் காட்டினா கணக்குல வராது."

"அப்ப பாய்க்கு?"

"அவரும்தான்."

நாச்சிமுத்து கதவிலிருந்த ஓட்டையைக் கட்டை விரலால் தடவினார்.

"எனக்குன்னு யாருங்க இருக்காங்க?"

பூங்கோதை கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"உள்ள இருந்து 'சுடரு, சுடரு'ன்னு கத்தினீங்க. என் பேரு பூங்கோதைங்கண்ணா."