ஹீட்டரோடு வந்த மாப்பிள்ளை

மேட்டுப்பாளையத்தில் சென்னியப்பன், மருதாசலம், ஆறுச்சாமி என்று மூன்று சகோதரர்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு பழைய அம்பாசிடர். மூளையும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். கடைக்குட்டி ஆறுச்சாமிக்கு வந்த இடமெல்லாம் தட்டிப்போய், ஒருவழியாகக் கோத்தகிரியில் பெண் அமைந்தது. இந்த முகூர்த்தத்தையும் கோட்டைவிட்டால் அவன் பிரம்மச்சாரிதான்.

கிளம்பும்முன் மெக்கானிக் யாகூப் பாய் தண்ணீர் நிரப்பிவிட்டுப் புத்தி சொன்னார். மலையில் எஞ்சின் சூடானால் ஹீட்டரை முழுசாகப் போடுங்கள், சூடு காருக்குள் வந்துவிடும் என்றார். பிறகு ரேடியேட்டர் மூடியைத் தட்டிக் காட்டி, "சூடா இருக்கறப்ப மட்டும் தொறந்துராதீங்க, மூஞ்சி வெந்துரும். ஆறட்டும்" என்றார்.

பாதி மலையில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஹீட்டரைப் போட்டும் இறங்கவில்லை. ஓரங்கட்டி ஆலோசித்தார்கள்.

"சூடு உள்ள வரோணும்னா எடம் வேணுமல்லோ? நாம மூணு பேரு அடைச்சு உக்காந்திருக்கறோம்" என்றார் சென்னியப்பன்.

"அப்ப நாம எறங்கிக்கலாங்ண்ணா. கல்யாணம் அவனுக்குத்தான, அவனே ஓட்டட்டும்" என்றார் மருதாசலம்.

இறங்கினார்கள். நின்ற வண்டி அதற்குள் சற்று ஆறி, முள்ளும் இறங்கியது. அண்ணன்மாருக்குப் பெருமை தாங்கவில்லை. பிடித்த சூடு தப்பிவிடாதபடி கண்ணாடிகளை ஏற்றச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே ஓடி வந்தார்கள்.

மண்டப வாசலில் மாமனார் ஆவலோடு கார்க் கதவில் கை வைத்தார். உள்ளே பட்டுச் சட்டையில் ஆறுச்சாமி, வேகவைத்த பீட்ரூட் மாதிரி இருந்தான். சென்னியப்பன் குறுக்கே விழுந்து தடுத்தார்.

"தொறக்காதீங்க மாமா. சூடெல்லாம் இப்ப இதுக்குள்ளதான் இருக்குது. மூஞ்சி வெந்துரும்."

"முகூர்த்தம் முடியப்போகுதப்பா."

"ஆறட்டுங்க."

மாமனார் கெஞ்சினார், திட்டினார், ஐயரைவிட்டுச் சொல்லச் சொன்னார். கடைசியில் மருதாசலம்தான் வழி கண்டார்.

"கண்ணாடியை நாலு விரக்கடை எறக்கறது தொறக்கறதுல சேராதுங்ண்ணா."

சென்னியப்பன் வெகுநேரம் யோசித்து ஒப்புக்கொண்டார். அந்தச் சந்து வழியாக ஆறுச்சாமி தாலி கட்டினான். மழைத்தூறலில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கச் சொன்னார் ஐயர். கதவைத்தான் திறக்கக் கூடாதே. சூடு முழுக்க உள்ளே போய்விட்டதால் பானெட் ஜில்லென்றுதான் இருக்கும், பெண் அதில் உட்காரட்டும் என்று அண்ணன்மார் முடிவு செய்தார்கள்.

ஆனாலும் புதுப்பெண் பாருங்கள், எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் மாமனாரைத் தூக்கி உட்கார வைத்துப் பார்த்தார்கள்.