போகவா, இருக்கவா

பேராசிரியர் தணிகாசலம் வாழ்நாளெல்லாம் கடலரிப்பை ஆராய்ந்தவர். அவரிடம் படித்த பூங்கோதை இப்போது அரசு ஆய்வகத்தில் அதிகாரி. கரையோர வீடுகள் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்க, கொன்றைமேடு என்ற மீனவ ஊரின் கிராமசபை இருவரையும் அழைத்திருந்தது.

போகும் வழியில் பூங்கோதை ஒரு யோசனை சொன்னாள். கரையோர வீடுகளைக் கடல் கொள்ளப் பத்து வருடம் ஆகலாம் என்றால் ஒருவரும் நகரமாட்டார்கள். வருகிற மழைக்கே போய்விடும் என்றால் உடனே கிளம்பிவிடுவார்கள். போன வருடம் பக்கத்து ஊரில் அலை சரித்த சுவருக்கு அடியிலிருந்து ஒரு பெரியவரின் உடலை எடுத்தபோது அவள் அங்கே நின்றிருந்தாள்.



கூட்டத்தில் பேராசிரியர் அப்படிச் சொல்லாமல் தனக்குத் தெரிந்ததையே சொன்னார். பத்து வருடத்துக்குள் முன்வரிசை வீடுகள் போகும், கரையிலுள்ள எல்லையம்மன் கோயிலும் போகும். பெரும்புயல் அடித்தால் அதற்கு முன்பேகூடப் போகலாம். எந்த வருடம் என்று தன்னால் சொல்ல முடியாது என்பதையும் சொன்னார். புரியவில்லை என்றவர்களுக்கு முதலிலிருந்து விளக்கினார்.

மீன் விற்கும் அஞ்சலாட்சி எழுந்தாள். அவள் வீடு முன்வரிசையில் இருந்தது.

"படிச்சவங்க நீங்களே சொல்லிடுங்க ஐயா. போகவா, இருக்கவா?"

"போனா நீங்க எதையெல்லாம் விட்டுட்டுப் போகணும்னு எனக்குத் தெரியாதேம்மா" என்றார் அவர்.

அவள் உட்கார்ந்தாள். பிறகு ஊர் பேசத் தொடங்கியது. படகை யார் காவல் பார்ப்பது, வலையை எங்கே உலர்த்துவது என்று பொழுது சாயும்வரை சண்டை நடந்தது. ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போய்த் திரும்பி வந்தார்.

கடைசியில் கை தூக்கினார்கள். முன்வரிசை வீடுகள் சாலைக்கு மேற்கே உள்ள மேட்டுக்குப் போவது. அம்மன் மட்டும் இருக்கிற இடத்திலேயே இருப்பது.

திரும்பும்போது பூங்கோதையின் முகம் வாடியிருந்தது.

"கோயில் போயிடும்னு தெரிஞ்சே விட்டுட்டாங்க சார்."

"தெரிஞ்சுதானே?"

"ஆமா."

சாலைக்கு வந்ததும் அவளே மறுபடி கேட்டாள்.

"யாருமே நகரமாட்டோம்னு கை தூக்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"எனக்குத் தூக்கம் வந்திருக்காது" என்றார் பேராசிரியர். "அடுத்த கூட்டத்துக்கும் வந்து இதையேதான் சொல்லியிருப்பேன். அதுக்குள்ள ஒரு மழை போயிருக்கும்; அந்த மழையிலேயே வீடு போயிடும்னு நான் பொய் சொல்லலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உட்காரச் சொல்லிக் கேட்டிருப்பாங்க."