ஐந்து கல்வெட்டும் ஓர் அடுப்படியும்

பணகுடிக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில் ஒரு மடம். மடத்துச் சாமியார் வெயிலுமுத்துவுக்கு வயது நாற்பதுதான். சீடர் தாணுமாலயனுக்கு ஐம்பத்தேழு. டெல்லியில், நாட்டுக்கே எரிசக்திக் கொள்கை எழுதுகிற குழுவில் இருக்கிற பெரிய அதிகாரி. மூத்தவர் சின்னவர் முன்னால் கைகட்டி நிற்பதை ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசட்டும், நமக்கென்ன.

அன்று காலை தாணுமாலயன் கொதித்துப்போய் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“அநியாயம் சாமி! ரெண்டு வருஷம் உக்காந்து எழுதினேன். வெயிலு, காத்து, சாணம், உமி, கடலலைன்னு இருபத்து மூணு வழி. ஒண்ணைக்கூட விடல. குழுத் தலைவர் என்ன சொல்லுதாரு தெரியுமா? ரெண்டோ மூணோ வச்சுக்கிட்டு மிச்சத்தை அடிச்சிட்டு வரணுமாம்!”

“அடிக்க வேண்டியதுதான?”

“எதை அடிக்க? ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாநிலம் காத்துக் கிடக்கு. ஒவ்வொண்ணுக்கும் பின்னால ஒரு மந்திரி நிக்காரு. நாளைக் காலையில டெல்லியில கூட்டம், இன்னைக்குச் சாயங்காலம் எனக்கு விமானம். ஒரு வரியையும் அடிக்க மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லப் போறேன். ஆசீர்வாதம் பண்ணுங்க.”

சாமியார் கையைத் தூக்கவில்லை.

“அடுப்படிக்கு வாரும்வே” என்றார்.

அடுப்படியில் மாடத்தி கொப்பரை கழுவிக்கொண்டிருந்தாள். செங்கல் சூளை ஆட்கள் அறுபது பேருக்கு மத்தியானக் கஞ்சி அவள் கையால்தான். கூரை, சுவர், உத்தரம் எல்லாம் ஒரே கரி. நாலு வார்த்தை பேசுவதற்குள் எட்டுத் தடவை இருமினாள். பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் புகையில் நின்றால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேறு யாரும் அந்தப் புகைக்குள் வரச் சம்மதிக்கவில்லை. அவள்தான் நின்றாள்.

“யக்கா, இன்னைக்கு நீ உக்காரு. ஐயா கஞ்சி காய்ச்சுவாரு.”

“ஐயாவா?” என்று மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“விறகைத் தொடப்படாது” என்றார் சாமியார். “கொல்லையில விறகில்லாத வழி அஞ்சு இருக்கு. எதுல வேணும்னாலும் காய்ச்சும். பன்னண்டரைக்கு ஆளு வந்துரும்.”

தாணுமாலயனுக்கு அந்த ஐந்தும் தெரியும். தெரியாமல் என்ன? பதினொரு வருஷத்துக்கு முன்னால் இந்த மாவட்டத்தில் அதிகாரியாக இருந்தபோது ஒரே நாளில் ஐந்து ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தவர் அவர்தான். முன்மாதிரி மடம் என்று பேப்பரில் படம்கூட வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மடத்துக்கு வந்திருக்கிறார். சாமியார் அறை வரைக்கும்தான். கொல்லைக்கு வந்ததில்லை.

ஐந்து கல்வெட்டும் அப்படியே இருந்தன. ஐந்திலும் அவர் பெயர். ஒன்றின் மேல் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது.

முதலில் வெயில் அடுப்புக்குப் போனார். கண்ணாடியெல்லாம் புள்ளி விழுந்து மங்கிப்போயிருந்தது. தட்டில் ஒரு சின்னச் சட்டிக்குத்தான் இடம். அறுபது பேருக்குக் காய்ச்சுகிற கொப்பரையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சூரியத் தகட்டில் ஒயர் மட்டும் தொங்கியது. பேட்டரி செத்து ஒன்பது வருஷம் ஆகிறதாம். குட்டிக் காற்றாடியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்; சத்தம் தாங்காமல் பசுக்கள் மிரண்டன என்றாள் மாடத்தி.

“உமி அடுப்பு நல்லாத்தான இருக்கு?” என்றார் தாணுமாலயன்.

“அடுப்பு நல்ல அடுப்புதான்யா. இந்தச் சுத்துப்பட்டுல ரைஸ்மில்லு ஏது? உமிக்கு நான் எங்க போவேன்?”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

கடைசியில் சாண எரிவாயு. தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். குப்பென்று நீலமாகப் பிடித்தது. மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி துள்ளிவிட்டார்.

“பாத்தீங்களா சாமி! எரியுது!”

“எரியுதுல்லா? காய்ச்சும்.”

கொப்பரையை ஏற்றினார்கள். கால் மணி நேரம் போயிற்று. தண்ணீர் வெதுவெதுப்புக்கு வந்தது. அப்புறம் சுடர் சுருங்கிச் சுருங்கி அணைந்தே போயிற்று.

“அவ்வளவுதான்யா” என்றாள் மாடத்தி. “தினம் நாந்தான் சாணி கரைச்சு ஊத்துதேன். தொட்டி சின்னத் தொட்டி. காலையில டீத்தண்ணிக்குத்தான் காணும்.”

“பதினாலு மாடு நிக்கே! ஏன் இவ்வளவு சின்னதா கட்டினானுவ? எவன் பாத்த வேலை இது? அறிவு கெட்டவன்!”

மாடத்தி சாமியாரைப் பார்த்தாள். சாமியார் தலையசைத்தார். உள்ளே போய் மல்லி டப்பாவைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அது அவள் பதினொரு வருஷத்துக்கு முன்னால் கொடுத்து, அலுவலகத்திலிருந்து திரும்பி வந்த மனு. மடத்தில் பதினாலு மாடு நிற்கிறது, சாண எரிவாயுத் தொட்டி ஒன்று பெரிதாகக் கட்டித் தந்தால் அறுபது பேருக்குப் புகையில்லாமல் காய்ச்சுவேன், நானே பார்த்துக்கொள்வேன் என்று யாரையோ பிடித்து எழுதிவாங்கியிருந்தாள். ஓரத்தில் பச்சை மையில் ஓர் உத்தரவு. ‘ஒன்று மட்டும் ஏன்? இதற்கான நிதியையே பகிர்ந்து ஐந்து வகையும் அமைக்கவும்.’ கீழே கையெழுத்து.

தாணுமாலயன் தன் கையெழுத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் ஒண்ணுதான ஐயா கேட்டேன்?” என்றாள் மாடத்தி.

அதற்குள் சூளை ஆட்கள் வந்துவிட்டார்கள். தலையெல்லாம் செம்மண். தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷம் பொறுத்தார்கள்.

“என்ன சாமி, இன்னைக்குப் பட்டினியா? விடியக்காலம் மண்ணு மிதிக்கப் போனது. வயிறு காந்துது!”

“ஐயாகிட்ட கேளுங்க” என்றார் சாமியார். “அவர்தான் இன்னைக்குச் சமையல்.”

அறுபது முகமும் தாணுமாலயன் பக்கம் திரும்பின.

மாடத்திக்குப் பொறுக்கவில்லை. “நல்லாருக்கு ஞாயம்! உங்க வழக்கை அப்புறமா பேசிக்கிடுங்க. பசின்னு வந்தவங்களை உக்கார வச்சுக்கிட்டு என்ன பாடம் வேண்டிக்கிடக்கு?” என்று சாமியாரையே ஒரு அதட்டுப் போட்டாள். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். விறகு முறிகிற சத்தம் கேட்டது.

அவள் சொன்னதும் சரிதான். சாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

ஓட்டு இடுக்கு வழியாகப் புகை கிளம்பியது. கூடவே இருமல். விட்டு விட்டு இல்லை, ஒரே தொடர்ச்சியாக. தாணுமாலயன் இரண்டு தடவை அடுப்படி வாசல் வரைக்கும் போனார். இரண்டு தடவையும் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

அப்புறம் பையைத் திறந்து கொள்கை வரைவை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனாவையும் எடுத்தார்.

“அடிச்சிடுதேன் சாமி. இப்பவே அடிச்சிடுதேன். இருபத்து மூணுல எதை மிச்சம் வைக்கட்டும்? நீங்களே சொல்லுங்க.”

சாமியாருக்கு வந்ததே கோபம்.

“அடிக்கிறதும் ரிப்பன் வெட்டுத மாதிரி ஒரு நிமிச வேலைதான்வே. அந்த அஞ்சு கல்லுலயும் தொறந்த நாளு வெட்டிக் கெடக்கு. மறுநாளு எவன் வந்தான்? நீர் எதை வேணும்னாலும் மிச்சம் வையும். மறுநாளு அதுக்குப் பக்கத்துல நின்னு யாரு பாத்துக்கிடுவா? அந்தப் பேரை மொதல்ல எழுதும்.”