பபூன் விழுந்த இடம்

வலையில் உரசி உதிர்ந்த ஜிகினாவை பார் கம்பியில் ஆடும்போது போடும் என் உடுப்பில் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தேன். தைத்து மடித்துக் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது. இனி வேறு யாராவது போட்டுக்கொள்ளட்டும்.

பிள்ளை பக்கத்தில் தூளியில் தூங்கியது.

எதிரே ஆசான் முகத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். என்னைப் பாரில் தொங்கப் பழக்கியவர். இப்போது எங்கள் சர்க்கஸில் பபூன்.

"உடுப்பு யாருக்கு?" என்றார்.

"யாருக்கோ. நான் சமையல் கூடாரத்துக்குப் போறேன்."

"உன் சாம்பாரை நான் தின்னிருக்கேன். அதுக்குப் பாரே பரவாயில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலை நிமிராமலே கேட்டேன்.

"பிள்ளை பெத்தப்புறம் நேத்துதான் ஏறினேன். கை நழுவி வலையில விழுந்தேன். உடனே நீங்க நூலேணியில ஏறி, என்னை மாதிரியே கையைக் காலை உதறிக்கிட்டு விழுந்தீங்க. மணப்பாறையே சிரிச்சுது. முகத்தை மூடிக்கிட்டு அப்படியே கிடந்தேன். ஏன் ஆசானே அப்படிப் பண்ணீங்க?"

அவர் மூக்குக்குச் சிவப்பு வைத்தார்.

"மேனேஜர் திட்டினாரா?"

"இல்ல. புதுசா சேர்த்த அந்த விழுற வேடிக்கை நல்லா இருக்காம். இன்னைக்கும் வைக்கச் சொன்னார்."

சொல்லிவிட்டுப் பார்த்தேன். ஊசி பாதித் தையலில் நின்றிருந்தது.

"நீ எங்க விழுந்தே?"

"வலையில."

அவர் பபூன் சட்டையின் கையை மெல்லச் சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. காயத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

மரத்தூள் தரையில்தான் கொட்டியிருக்கும்.

"அவ்வளவு பெரிய வலை இருக்கே, ஆசானே."

"அதுல நீ கிடந்தியே."

கையை இறக்கிவிட்டுக்கொண்டு தொப்பியைத் தேடினார்.

உள்ளே பேண்டு மெட்டு மாறியது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். மறைப்புக்குப் பின்னால் போய் உடுப்பை நானே மாட்டிக்கொண்டு வந்தேன்.

பந்து விளையாட்டு முடித்துவந்த கமலாட்சி, மூச்சு வாங்கத் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளையை நான் பார்த்துக்கிறேன். போ தவமணி, பாருக்குக் கூப்பிடுறாங்க."

திரை விலகியது. திரும்பிப் பார்த்தேன்.

"ஆசானே, இன்னைக்கு நான் விழுந்தா, நீங்களும் வலையிலேயே வந்து விழுந்திடுங்க. நான் தள்ளிப் படுத்துக்கிறேன்."