பாட்டில் குழிக் கூரை

கண்ணை மூடிக்கோ, சொல்றேன். நடுவுல நடுவுல நீ 'ம்' கொட்டணும். கொட்டலைன்னா கதை அங்கயே நின்னு போயிடும், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.

ஒரு ஊர்ல ஒரு தகரக் கூரை இருந்துச்சாம். அந்தக் கூரைக்குக் கீழ அஞ்சலைன்னு ஒருத்தி இருந்தா. அவளுக்குப் பவுனுன்னு ஒரு பொண்ணு. உன்னைவிட ஒரு வயசு சின்னவ. வெயில் காலம் வந்தா அந்தத் தகரம் தோசைக்கல்லு மாதிரி காயும். ஒரு சொட்டுத் தண்ணி பட்டா 'சொய்ங்'னு சத்தம் வரும். மத்தியானம் பவுனால தூங்க முடியாது. அஞ்சலை புடவையை நனைச்சுத் தரையில போட்டு, அது மேல அவளைப் படுக்க வைப்பா. புடவை காயறதுக்குள்ள அவ எழுந்துடுவா. முதுகு முழுக்க வேர்க்குரு.

ம்.

அஞ்சலைக்கு என்ன வேலைன்னா, கடற்கரைத் தெருவுல தள்ளுவண்டி தள்ளிக்கிட்டுப் போயி வீடு வீடா குப்பை வாங்குறது. அப்புறம் உக்காந்து மக்குறது தனி, மக்காதது தனின்னு பிரிக்கிறது. அதனால எந்த வீட்ல யாருக்குச் சக்கரை, யாரு பொண்டாட்டிக்குத் தெரியாம பரோட்டா வாங்கிச் சாப்பிடுறாங்க, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனா யாருகிட்டயும் மூச்சு விட மாட்டா. விட்டா அப்புறம் அவளை நம்பி யாரு குப்பை போடுவாங்க?

ஒரு நாள் மீன்காரம்மா வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியைத் திறந்தாங்க. காலையில போட்ட ஐஸு சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்துச்சு. அஞ்சலை அதையே பாத்துக்கிட்டு நின்னா. இதுக்குள்ள ஐஸே கரையலையே, எம்புள்ளையா கரைஞ்சுடப் போறான்னு நினைச்சா. அன்னைக்கே முடிவு பண்ணிட்டா, கூரைக்கு அடியில தெர்மாகோல் ஒட்டணும்னு.

அதுக்கு நிறைய வேணுமே? நிறைய இருக்கிற வீடு ஒண்ணே ஒண்ணு. மனோன்மணியம்மா வீடு.

மனோன்மணியம்மா யாருன்னா, அந்தத் தெருவோட தூய்மைச் சங்கத்துக்குத் தலைவி. குடியை ஒழிக்கணும்னு மேடை மேடையா பேசுறவங்க. அவங்க வீட்டு வாசல்ல வியாழக்கிழமை தவறாம 'டுர்ர்ர்'னு ஒரு வண்டி வந்து அட்டைப் பெட்டி ஒண்ணை வச்சிட்டுப் போகும். உள்ள ஆறு ஒயின் பாட்டில். கேட்டா, திராட்சை ரசம், வீட்டுக்காரர் நெஞ்சுக்கு நல்லதாம்.

பாட்டில் உடையாம இருக்க மேலயும் கீழயும் தெர்மாகோல் பலகை வச்சிருப்பாங்க. ஒவ்வொரு பலகையிலயும் ஆறு குழி. குழின்னா சும்மா குழி இல்ல, கழுத்து, தோளு, வயிறுன்னு பாட்டில் வடிவத்துலயே இருக்கும். கண்ணு தெரியாதவங்ககூடத் தடவிப் பாத்துச் சொல்லிடலாம். அப்படி இருக்க அதை எப்படிக் குப்பையில போடுறது? பாட்டிலைப் பையில கட்டி, கார்ல வச்சு, பக்கத்து ஊர்ல போட்டுட்டு வந்தாங்க. பலகை எல்லாம் மாடி ரூம்ல ஏறிச்சு. சித்திரை வரைக்கும் நாப்பது வாரமா ஏறிச்சு. பெட்டி உள்ள போறதையும் பலகை வெளிய வராததையும் அஞ்சலை கவனிச்சு வச்சிருந்தா.

ம்.

மாசி மாசம் அஞ்சலை போயி முதல் தடவை கேட்டா. இந்த வெள்ளைப் பலகை ஏதாவது கிடந்தா குடுங்கம்மா, கூரையில ஒட்டணும், புள்ள தூங்க மாட்டேங்குதுன்னா. மனோன்மணியம்மா நெஞ்சுல கை வச்சு, அந்த மாதிரிப் பொருளை நாங்க வீட்டுக்குள்ளயே விடுறதில்லைன்னாங்க. அவங்க காதுக்கு மேல, முடியில, ஒரு சின்ன வெள்ளை உருண்டை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. காலையில ஒரு பலகையோட ஓரத்தை உடைச்சுப் பாத்திருக்காங்க. அது 'கீச் கீச்'னு கத்தி, உருண்டை உருண்டையா உதிர்ந்து வீடு பூரா பறந்துருச்சு. அஞ்சலை அந்த உருண்டையைப் பாத்தா, சரிங்கம்மான்னுட்டு வந்துட்டா.

அப்புறம் பங்குனி மாசம். சங்கத்துல பெரிய கூட்டம். 'தெர்மாகோல் இல்லாத தெரு'ன்னு துணியில எழுதிக் கட்டியிருந்தாங்க. அஞ்சலை ஓரமா நின்னு ரெண்டாவது தடவை கேட்டா. அப்போ செயலாளர் தணிகாசலம் எழுந்து, அதெல்லாம் முறையா மறுசுழற்சிக்குத்தான் போகணும், கூரைக்கெல்லாம் போகக் கூடாதுன்னு விளக்கமா பேசினாரு. எல்லாரும் கை தட்டினாங்க. மறுநாள் அவரு மறுசுழற்சிக் கம்பெனிக்குப் போன் போட்டப்போ, அவங்க, ஒரு லாரி ரொம்பினாலும் ஒரு மூட்டை அரிசி எடை தேறாது, டீசலுக்கே கட்டாது, நீங்களே வச்சுக்கோங்கன்னுட்டாங்க. இதை மட்டும் கூட்டம் போட்டுச் சொல்லலை.

தூங்கிட்டியா?

ம்ஹும்.

சரி. அப்புறம் சித்திரை. மனோன்மணியம்மாவோட சம்பந்தி வீட்டுக்காரங்க பத்து நாள் தங்க வர்றாங்கன்னு கடுதாசி வந்துச்சு. தங்கறதுக்கு மாடி ரூம்தான் இருக்கு. கதவைத் திறந்தா பலகை 'பொத்து பொத்து'னு மேல விழுது. அப்போ அவங்களே அஞ்சலையைக் கூப்பிட்டு, எல்லாத்தையும் எடுத்துக்கோ, எங்க இருந்து வந்துச்சுன்னு மட்டும் யாருக்கும் தெரியக் கூடாதுன்னாங்க. எம்புள்ள மேல சத்தியம்மா, பேரு வாயில வராதுன்னா அஞ்சலை.

தார்ப்பாய் போட்டு மூடி, நாலு நடை அடிச்சு, எண்பது பலகையைக் கொண்டு வந்தா. நெருப்புப் பட்டா ஆபத்துன்னு அடுப்பைத் தூக்கி வெளியில வச்சா. பசை தடவி ஒட்ட ஆரம்பிச்சா. குழிப் பக்கம் பசை எங்க பிடிக்கும்? தட்டைப் பக்கத்தைத் தகரத்துல ஒட்டினா. அப்போ குழிப் பக்கம் எங்க இருக்கும்?

கீழ பாத்து.

ஆமா. எண்பது பலகை, பலகைக்கு ஆறு பாட்டில். அண்ணாந்து பாத்தா ஒரு சாராயக் கடையே தலைகீழா தொங்குற மாதிரி இருந்துச்சு. ஆனா மத்தியானம் பவுனு தூங்கினா பாரு. 'கொர்ர்ர்... கொர்ர்ர்'. சாயங்காலம் எழுப்பினாலும் எழுந்திரிக்கலை. அஞ்சலை பக்கத்துல உக்காந்து அந்தக் கொறட்டையைக் கேட்டுக்கிட்டே இருந்தா.

நல்ல விஷயம் ஊருக்குத் தெரியாம இருக்குமா? குப்பையை வச்சே வீட்டைக் குளிர வச்சவன்னு நகராட்சி அதிகாரி ஒருத்தர், பரிசு குடுக்கலாம்னு, போட்டோக்காரரோட பாக்க வந்தாரு. கூட வழிகாட்டிக்கிட்டு சங்கத்துக்காரங்க மொத்தப் பேரும் வந்தாங்க. முன்னாடி யாரு? மனோன்மணியம்மா.

உள்ள நுழைஞ்சு எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க. பவுனு மட்டும் 'கொர்ர்ர்'.

தணிகாசலம்தான் தொண்டையைக் கனைச்சாரு. இத்தனை பாட்டில் வந்து போன வீட்டுக்குப் பரிசு குடுத்தா ஊரு சிரிக்கும், முதல்ல இதைப் பிச்சுப் போடச் சொல்லுங்கன்னாரு. அதிகாரியும் அஞ்சலையை ஒரு மாதிரி பாத்து, இதெல்லாம் யாரு குடிச்சதும்மான்னு கேட்டாரு. அஞ்சலை மனோன்மணியம்மாவைப் பாத்தா. அவங்க பவுனைக் குனிஞ்சு பாத்து, பாவம், நல்ல குழந்தைன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

பேரைச் சொன்னா சத்தியம் போச்சு. சொல்லலைன்னா கூரை போச்சு, புள்ள தூக்கம் போச்சு. அஞ்சலை ரொம்ப மரியாதையா, மெதுவா சொன்னா.

"ஐயா, இது யாரு வீட்டுதுன்னு மட்டும் சொல்ல மாட்டேன், சத்தியம் பண்ணிட்டேன். ஆனா பத்து வருசமா இந்தத் தெருக் குப்பையைப் பிரிக்கிறேன். எந்தெந்த வீட்ல என்னென்ன பாட்டில் வருது, யாரு பழைய பேப்பர்ல சுத்திப் போடுறாங்க, யாரு அரிசிப் பையில போடுறாங்கன்னு வேணும்னா வரிசையா சொல்றேன். எந்தக் கோடியில இருந்து ஆரம்பிக்கட்டும், செயலாளர் ஐயா வீட்ல இருந்தா?"

சங்கத்துக்காரங்க மொத்தப் பேரும் ஒரே சமயத்துல இருமினாங்க. லொக்கு லொக்கு லொக்கு. தணிகாசலம் கைக்குட்டையால கழுத்தைத் துடைச்சுக்கிட்டு, உள்ள எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு பாருங்க சார், இதையா பிக்கிறதுன்னாரு. மனோன்மணியம்மா, இது நம்ம சங்கத்தோட முன்மாதிரித் திட்டம்னாங்க. போட்டோ எடுத்தாங்க. கூரை தெரியாம எடுத்தாங்க.

ம்...

அப்புறம் அந்த வாரம் பூரா அஞ்சலை வாசல்ல அதிசயமா நடந்துச்சு. விடிஞ்சு பாத்தா ஒரு மூட்டை. அடுத்த நாள் இன்னொரு மூட்டை, அரிசிப் பையில. எல்லாத்துலயும் குழி வச்ச பலகைதான். பக்கத்து வீட்டுக் கூரைக்கு ஒட்டினா, எதிர் வீட்டுக்கு ஒட்டினா, ஐப்பசிக்குள்ள அந்த வரிசையில பன்னெண்டு வீடும் குளுந்து போச்சு. கடற்கரைத் தெருவுக்கு, தெர்மாகோலே இல்லாத தெருன்னு கேடயம் குடுத்தாங்க. மனோன்மணியம்மா மேடையேறி வாங்கிக்கிட்டாங்க. அந்தக் கேடயம் உடையாம இருக்க ஒரு பெட்டியில வச்சுக் குடுத்தாங்க. எதுல செஞ்ச பெட்டின்னு நீயே சொல்லு.

பவுனு இப்பவும் படுத்துக்கிட்டு அண்ணாந்து பாத்து எண்ணுவா. ஒரு பாட்டில், ரெண்டு பாட்டில், மூணு பாட்டில்... இருபது தாண்ட மாட்டா, தூங்கிடுவா.

அத்தை, நம்ம பரண் மேலயும் வெள்ளையா ஏதோ அடுக்கி இருக்கே?

அது மிக்ஸி வந்த பெட்டிடா.

அவ்வளவுமா?

கதை கூரை ஏறியாச்சு, விளக்கும் அணைச்சாச்சு. பேசாம தூங்கு.